விமான எஞ்சின் உறுப்புகளின் பாதுகாப்பான ஆயுட்கால மதிப்பீடு

எஞ்சினின் சுழலும் உறுப்புகளை, அவற்றில் விரிசல் வளர்ந்து ஆபத்தாகும் முன்பே, எப்போது கழற்றிவிட வேண்டும் என்று கணிக்கும் பொறியியல் துறை. ஒரு பிளேடு முறிந்தால் எஞ்சினின் வெளியுறை அதைத் தடுத்துவிடும். பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் உடைந்தால் உறை தாங்காது. அதனால்தான் கறாரான வரம்பு டிஸ்குக்கு விதிக்கப்படுகிறது. நாமக்கல் லாரி டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். டிஸ்க் கடைசிவரை புதிதுபோலவே இருக்கும்.

வரம்பைப் பறந்த மணிகளில் அல்ல, சுற்றுகளில் எண்ணுகிறார்கள். எஞ்சின் முடுக்கப்பட்டு, சூடேறி, மறுபடி அடங்குவது ஒரு சுற்று. சேலத்திலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் டிஸ்க் ஒரே பயணத்தில் ஒரு சுற்றை இழக்கிறது. பத்து மணி நேரம் கடல் தாண்டும் பெரிய விமானத்தின் டிஸ்கும் இழப்பது ஒன்றுதான். குறுந்தூர விமானங்களில் டிஸ்க் சீக்கிரம் ஓய்வுபெறுவது இதனால்தான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைச் சோதித்து, முறிக்கும் அளவுக்குக் கீழான சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தைச் சோர்வடையச் செய்யும் என்று காட்டினார். வெப்பத்தாலும் திரிபாலும் சில ஆயிரம் சுற்றுகளிலேயே நேரும் சோர்வுக்கு 1950களில் காஃபினும் மான்சனும் தனித்தனியே சூத்திரம் கண்டனர். மாதிரி டிஸ்குகளைச் சுழற்றிச் சோதித்து, ஆயிரத்தில் ஒன்றில் சுமார் 0.75 மில்லிமீட்டர் விரிசல் தோன்றக்கூடிய கட்டத்தையே வரம்பாக வைக்கும் வழக்கம் பிறகு வந்தது.

இந்தக் கணக்கு உலோகம் மாசற்றது என்று நம்பியே நின்றது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் அந்த நம்பிக்கை உடைந்தது. டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சினில் டைட்டானிய விசிறி டிஸ்க் சிதறி, விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்புகளையெல்லாம் செயலிழக்கச் செய்தது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். டிஸ்கின் வரம்பு 18,000 சுற்றுகள். அது கடந்திருந்தது 15,503. உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட குறையிலிருந்து விரிசல் பிறந்திருந்தது. முந்தைய பரிசோதனையின்போதே விரிசல் இருந்தும் அது பிடிபடவில்லை. கணக்கில் பிழையில்லை, உலோகத்தைப் பற்றிய அனுமானத்தில்தான் பிழை. இந்தத் துறையின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். அதன் விளைவாகக் குறை ஒளிந்திருக்கும் வாய்ப்பையும் நிகழ்தகவாகக் கணக்கில் சேர்க்கும் வழிகாட்டுதலை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2001இல் வெளியிட்டது.

அதே 1989இல்தான் பெங்களூரின் எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் போர் விமானத்துக்கான உள்நாட்டு எஞ்சினான காவேரித் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. உரிமம் பெற்றுச் செய்யும் எஞ்சினுக்கு ஆயுள் வரம்பு வரைபடத்தோடு வந்துவிடும். சொந்த எஞ்சினுக்கோ ஒவ்வொரு எண்ணையும் சோதனையால் ஈட்ட வேண்டும். உலகம் கற்கப் பல பத்தாண்டுகள் ஆன பாடம் இது. காவேரியின் தாமதத்தை எடைபோடுவோர் இதையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

மாசு மீண்டும் தலைகாட்டியது 2023இல். பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் டிஸ்குகளுக்கான உலோகப் பொடியில் கலப்பு இருந்தது தெரிந்தது. அந்த எஞ்சின்களைக் கொண்ட இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்கள் பல தரையில் நின்றன. டிஸ்குகளுக்கு மீயொலிப் பரிசோதனையும் குறைக்கப்பட்ட சுற்று வரம்புகளும் வந்தன.