கொம்பு உரமும் ஷாம்பேனும்

ஷாம்பேன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? கார் ரேஸ்ல ஜெயிச்சவர் பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலயும் பீய்ச்சி அடிப்பாரே, அதுதானே? நான் சொல்லப் போறது அந்தப் பணக்காரக் கதை இல்லைங்க. ஒரு விவசாயக் குடும்பத்தோட கதை.

பிரான்சில் ஷாம்பேன் பகுதியோட தெற்கு ஓரம் ஓப் மாவட்டம். வடக்கே இருக்கிற மார்ன் மாவட்டத்துலதான் பெரிய கம்பெனிகள் எல்லாம். ஓப் விவசாயிகள் திராட்சையை விளைவிச்சு அவங்களுக்கு விற்பாங்க. 1908ல அரசாங்கம் ஷாம்பேன் எல்லையை வரையறுத்தப்போ ஓப் மாவட்டத்தையே வெளியே தள்ளிடுச்சு. பழைய ஷாம்பேன் பிரபுக்களோட தலைநகரான ட்ருவா நகரம் இந்த மாவட்டத்துலதான் இருக்கு. வேடிக்கையைப் பாருங்க! 1911ல ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க. ட்ருவாவில் பெரிய ஊர்வலம். கிடைச்சது 'இரண்டாம் மண்டல ஷாம்பேன்'ங்கிற அரைகுறை அந்தஸ்து. முழு உரிமைக்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஓப் மாவட்டத்துல கூர்த்ரோன்னு ஒரு கிராமம். 1895ல எமில் ஃப்ளூரி தொடங்கின தோட்டம் அங்கே இருக்கு. ஃபிலாக்ஸெரா பூச்சி வேரை அரிச்சுக் கொடிகளை அழிச்ச காலம் அது. ஒட்டுக்கொடி நட்டு மீண்டவர் எமில். 1929 நெருக்கடியில் திராட்சை விலை போகலை. மகன் ரொபேர், "விற்கிறதென்ன, நாமே ஷாம்பேன் பண்ணிடுவோம்"னு இறங்கிட்டார். சாதாரண வைனோட சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலை மூடிட்டா உள்ளேயே மறுபடி புளிக்கும். அந்த வாயுதான் நுரை. கார் டயரைப் போல ரெண்டு மடங்குக்கு மேல அழுத்தம்!

மூன்றாம் தலைமுறை ழான் பியேர். 1989ல பயோடைனமிக் முறைக்கு மாற ஆரம்பிச்சு, 1992ல மொத்தத் தோட்டத்தையும் மாத்தினார். ஷாம்பேன் பகுதியிலேயே இவங்கதான் முதல்னு சொல்றாங்க. அப்போ அந்தப் பகுதித் தோட்டங்கள்ல பாரிஸ் நகரக் குப்பையையே உரமாக் கொட்டுவாங்க. பிளாஸ்டிக் துண்டுகள் மண்ணோட மண்ணாக் கிடக்கும். குளிரும் மழையும் உள்ள ஊர், பூஞ்சை வந்தா ஒரு வருஷ மகசூல் காலி. அங்கே ரசாயனத்தை விடுறதுன்னா சும்மாவா?

இந்த முறைக்கு மூலம் 1924ல ருடால்ஃப் ஸ்டைனர் நிகழ்த்திய எட்டுச் சொற்பொழிவுகள். பசுக்கொம்புல சாணியை அடைச்சு குளிர்காலம் முழுக்கப் புதைச்சு, வசந்தத்துல எடுத்து, தண்ணில ஒரு மணி நேரம் கலக்கித் தெளிக்கணும். நம்மூர் இயற்கை விவசாயிகளும் கொம்பு சாண உரம்னு இதைச் செய்றாங்க. நிலா, கிரகக் கணக்குகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எனக்கும் அதுல நம்பிக்கை இல்லை. ஆனா களைக்கொல்லி இல்லாம, தோட்டத்துல தினமும் நின்னு கொடியைப் பார்க்க வைக்குது பாருங்க, அது பெரிய விஷயம்.

"உங்களது ஷாம்பேனே இல்லை"ன்னு ஒதுக்கப்பட்ட மாவட்டத்துலேர்ந்து வந்த குடும்பம்தான் மொத்த ஷாம்பேனுக்கும் இந்த வழியைக் காட்டிச்சு. இப்போ நாலாவது தலைமுறை தோட்டத்துல நிக்குது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லைங்க :-) ஆனா அந்த மண்ணை ஒரு தடவை கையில அள்ளிப் பார்க்கணும்னு ஆசை.