நான்கு வாக்கியங்களின் கடற்பயணம்

யூடியூப்பில் மனநிம்மதிக்கு வழி தேடுகிறவர்களுக்கு ஹோ-ஒபோனோபோனோ புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டு, வருந்துகிறேன், மன்னித்துக்கொள், நன்றி, உன்னை நேசிக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லும் தமிழ்க் காணொளிகள் ஏராளம். கடன் தீரும் என்று ஒன்று சொல்லும், கணவன் மனைவி பிணக்கு ஓயும் என்று இன்னொன்று சொல்லும். பழங்கால ஹவாய் மக்களின் இரகசியம் என்ற அறிமுகம் மட்டும் எதிலும் தவறாது. வெலிமடையில் உருளைக்கிழங்குக் காட்டிலோ கொழுந்து மலையிலோ வேலை முடித்து வந்து இதைக் கேட்கும் ஒருவர், பசிபிக் கடலின் நடுவிலிருந்து நேரே தன் காதுக்கு வந்த சரக்கு இது என்று நினைத்தால் வியப்பில்லை. ஆனால் வந்த வழி அத்தனை நேரானதல்ல. அந்த வழியில் கப்பல்கள் உடைந்திருக்கின்றன, ஓர் அரசி முடி இழந்திருக்கிறார், ஒரு பள்ளி ஆசிரியர் அகராதியைப் புரட்டி ஒரு மதத்தையே கட்டியிருக்கிறார். நடுவில் நம் இலங்கையும் நிற்கிறது.

பழைய ஹவாயில் ஹோ-ஒபோனோபோனோ ஒரு குடும்பக் கூட்டம். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்து மருந்துக்குத் தீராவிட்டால், உறவுக்குள் ஏதோ மனக்கசப்பு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்று பெரியவர்கள் எண்ணினார்கள். சம்பந்தப்பட்ட எல்லோரையும் உட்கார வைத்து, மூத்தவர் ஒருவர் பிரார்த்தனையோடு தொடங்குவார். பேச்சு முழுவதும் அவரைப் பார்த்துத்தான். எதிரியின் முகத்தைப் பார்த்துப் பேசினால் வாய் தடிக்கும் அல்லவா? சூடு ஏறினால் அவர் எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொல்வார். தவறு செய்தவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், மற்றவர் மன்னிக்க வேண்டும், அதன்பின் அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. கடைசியில் கூடியிருந்து சாப்பாடு. நாள் கணக்கில் நீண்ட கூட்டங்களும் உண்டு.

ஊவாத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. லயத்தில் இரண்டு வீட்டுக்குள் தகராறு முற்றினால் தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டிப் பெரியவர்களும் இரு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசித் தீர்ப்பது நாம் அறிந்ததுதான். பொலிஸ் வரைக்கும் போகாமல் முடிந்த சண்டைகளுக்கு அந்தப் பெரியவர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும்.

1820இல் அமெரிக்க மிஷனரிகள் ஹவாயில் இறங்கினார்கள். பழைய வழக்கங்கள் ஒவ்வொன்றாக வெட்கப்பட வேண்டியவையாக மாறின. குடும்பக் கூட்டமும் பல வீடுகளில் நின்றுபோனது, சில வீடுகளில் கிறிஸ்தவ ஜெபத்தோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு விபத்து. பேர்ள், ஹெர்மிஸ் என்ற இரண்டு ஆங்கிலத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஹவாய்த் தீவுத்தொடரின் வடமேற்குக் கோடியில் பவளப்பாறையில் மோதி உடைந்தன. தப்பியவர்களில் ஜேம்ஸ் ரொபின்சன் என்ற கப்பல் தச்சர் ஒருவர். சிதைந்த மரங்களைக் கொண்டே தோழர்களோடு ஒரு சிறு கப்பலைக் கட்டி ஹொனலுலு வந்து சேர்ந்தவர், அங்கேயே கப்பல் பட்டறை வைத்துப் பெரும் செல்வந்தரானார். ஹவாய் வம்சாவளிப் பெண்ணை மணந்தார். அவர்களுக்கு 1844இல் பிறந்த மகள் மேரி, தோமஸ் ஃபொஸ்டர் என்ற கப்பல் முதலாளியை மணந்து மேரி ஃபொஸ்டர் ஆனார். அந்தப் பாறையில் இரண்டு கப்பல்களும் மோதாமல் போயிருந்தால், இலங்கை பௌத்த வரலாற்றின் ஒரு பக்கம் வேறுமாதிரி எழுதப்பட்டிருக்கும்.

1893 ஜனவரியில் அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ஹவாயின் அரசி லிலியுஓகலானியை முடி இறக்கினார்கள். மேரி ஃபொஸ்டர் அந்த அரசியின் தோழி. கணவர் இறந்திருந்தார், நாடு கைவிட்டுப் போயிருந்தது, கூடவே அவருக்கு அடக்க முடியாத கோபம். அந்த அக்டோபரில் சிகாகோ சர்வமத மாநாட்டை முடித்துக்கொண்டு நாடு திரும்பிய இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலவின் கப்பல் ஹொனலுலுவில் சற்று நேரம் நின்றது. பிரம்மஞான சபை (தியோசொபிகல் சொசைட்டி) நண்பர்களோடு கப்பலுக்குப் போன மேரி, தன் கோபத்துக்கு என்ன வழி என்று இருபத்தொன்பது வயது இளைஞரான தர்மபாலவிடம் கேட்டார். அவர் பௌத்த முறையில் மனத்தை அடக்கும் வழியைச் சொன்னார்.

அந்தச் சிறு பேச்சின் பலனைப் பாருங்கள். தன் வாழ்நாள் முழுவதும் மேரி ஃபொஸ்டர் தர்மபாலவின் மகாபோதி சங்கத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். கொழும்பில் அவருடைய தந்தையின் பெயரையும் சேர்த்து ஃபொஸ்டர் ரொபின்சன் வைத்தியசாலை எழுந்தது. சாரநாத்தில் 1931இல் திறக்கப்பட்ட மூலகந்தகுடி விகாரையில் அவர் கொடையே பெரும் பங்கு. 1913இல் நன்றி சொல்ல ஹொனலுலு போன தர்மபால, அனுராதபுரத்து ஸ்ரீ மகா போதியின் கன்று ஒன்றைக் கொடுத்தார். மேரி நகரத்துக்கு எழுதிவைத்த தோட்டம் இன்று ஃபொஸ்டர் தாவரவியல் பூங்கா. அந்த அரசமரம் அங்கே நன்றாக வளர்ந்து நிற்கிறது.

இந்த வழியில் ஊவாவுக்கும் ஒரு சிறு இடம் உண்டு. 1914இல் உலகப்போர் மூண்டதும், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக நியானதிலோக தேரரையும் அவருடைய ஜெர்மானியச் சீடர்களையும் பிரிட்டிஷார் நம் பக்கத்துத் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். மைத்ரி என்னும் அன்பைப் போதித்தவர்கள் முள்வேலிக்குள். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1916இல் விடுதலையான நியானதிலோகர் ஹவாய் வழியாகத்தான் சீனா போனார்.

அடுத்த ஆண்டு, 1917இல், அரசி லிலியுஓகலானி இறந்தார். அதே ஆண்டில் மக்ஸ் ஃப்ரீடம் லோங் என்ற அமெரிக்கர் ஹவாய்க்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். ஹவாய்ப் பூசாரிகளின் மந்திர சக்தி பற்றிக் கேட்டுக் கேட்டு அலைந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்கா திரும்பியபின், ஹவாய் அகராதியில் உள்ள சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்தால் மறைபொருள் கிடைக்கும் என்று தீர்மானித்து, 1936 முதல் நூல்கள் எழுதி, ஹூனா என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஹவாய் மரபைக் கற்றறிந்தவர்கள் இதைத் தங்களுடையதாக ஏற்கவில்லை. அதில் பிரம்மஞான சபையின் சாயலும் அக்கால அமெரிக்க மனோசக்தி இயக்கங்களின் சாயலும்தான் தூக்கலாக இருக்கின்றன. அந்தச் சபையோ இந்தியாவிலும் இலங்கையிலும் திரட்டிய கருத்துகளைப் பண்டை இரகசியம் என்று மேற்கில் பரப்பியது. ஆக, ஹவாய் முத்திரையோடு விற்பனைக்கு வந்த பொருளில் நம் நாட்டுச் சரக்கும் கலந்திருந்தது.

நம்மிடமிருந்து எடுத்துப்போனவர்கள் எல்லோரும் லோங்கைப் போல நடந்துகொண்டார்கள் என்று சொல்வது அநியாயம். 1947இல் கொழும்பு வந்த கலிபோர்னிய நடனக் கலைஞர் ரொபர்ட் ஹன்சன், 1949இல் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகளைக் கண்டார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன அந்தச் சித்தர், இளைஞனின் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்துச் சுப்பிரமுனிய என்று பெயரிட்டு அனுப்பினார். சுப்பிரமுனிய சுவாமிகள் அளவெட்டியில் ஆச்சிரமம் நிறுவி, 1970இல் ஹவாயின் கவாய்த் தீவில் சைவ ஆதீனத்தை அமைத்தார். அன்பும் சிவமும் ஒன்று என்ற திருமூலர் நெறி அங்கே யோகர் சுவாமிகளின் பெயரோடும் குருபரம்பரையோடும் சேர்த்தே கற்பிக்கப்படுகிறது. பெங்களூருப் பக்கம் சிற்பிகள் உளியால் செதுக்கிய கருங்கற்களைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. வாங்கியதை வாங்கிய இடத்தின் பெயரோடு வைத்திருக்கும் இந்த நேர்மை எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

1976இல் நம் நான்கு வாக்கியங்களின் கதை திரும்புகிறது. மோர்னா சிமியோனா என்ற ஹவாய் மருத்துவப் பெண்மணி பழைய குடும்பக் கூட்டத்தை மாற்றியமைத்தார். அவர் அதில் கர்மவினையைச் சேர்த்தார், முற்பிறவியைச் சேர்த்தார். இந்தியத் தத்துவங்களையும் அவர் படித்திருந்தார். வினை தன்னுடையது என்றால் அதைக் கழுவவும் தான் ஒருவரே போதும். எனவே உறவினர் வர வேண்டியதில்லை, மூத்தவரும் வேண்டியதில்லை. 1983இல் ஹவாயின் வாழும் செல்வம் என்று கௌரவிக்கப்பட்ட அவர் 1992இல் காலமானார். அவருடைய மாணவர் இஹலேயகலா ஹியூ லென்னோடு சேர்ந்து, விளம்பர வாசகம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஜோ விட்டாலி 2007இல் வெளியிட்ட நூல் உலகமெங்கும் பரவியது. நான்கு வாக்கியங்கள் பிரபலமானது அதன் வழியாகத்தான். விளம்பரக்காரருக்கு நீளத்தின் விலை தெரியும். நாள் கணக்கில் நடந்த கூட்டம், ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக ஆயிற்று. நாமும் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம்.

மூல வடிவமும் அழியவில்லை. முடி இழந்த அரசி லிலியுஓகலானி, பெற்றோரை இழந்த ஹவாய்க் குழந்தைகளுக்காக 1909இல் தன் நிலங்களை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அதன் குழந்தைகள் மையத்தில் மேரி கவேனா பூகூயி என்ற ஹவாய் மூதறிஞர், ஒரு மனநல மருத்துவரோடும் ஒரு சமூகப் பணியாளரோடும் சேர்ந்து பழைய குடும்பக் கூட்டத்தின் படிமுறைகளை மீட்டு எழுதினார். 1972இல் அது நூலானது. ஹவாய்ச் சமூகப் பணியாளர்கள் உடைந்த குடும்பங்களை ஒட்டவைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த வடிவம்தான் ஊவாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மா குவைத்தில், அண்ணன் கொழும்பில் கடையில், அப்பா மட்டும் லயத்தில் என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்களில் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது கடினம். அதனால்தான் தனியாகச் சொல்லும் மந்திரம் இங்கே இத்தனை எளிதாக ஒட்டிக்கொண்டது. ஆறுதல் தேடிச் சொல்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாத்தனார் பல வேளைகளில் இரண்டு காம்பரா தள்ளித்தான் இருக்கிறார். பூகூயி எழுதிவைத்த முறைப்படி பார்த்தால், அவரும் வந்து உட்கார்ந்து, தன் பக்கத்தையும் சொல்லி, எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.