சவள் வெடிக்காமல் இருக்க: கொட்டியாரக் குடாவிலிருந்து ரொறன்ரோ வரை

கடந்த மார்கழியில் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். "மாமா, சவள் வெடிச்சுப் போச்சு" என்றான். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கொட்டியாரக் குடாப் பக்கத்தில் நாங்கள் சவள் என்று சொல்வது தோணி வலிக்கும் துடுப்பை. அவன் சொன்னது வாசலில் பனி அள்ளுகிற மரச் சவளை. படம் அனுப்பினான். அலகின் நுனி கறுத்திருந்தது, நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, பிடி அலகோடு சேரும் இடத்தில் ஆட்டம். எங்கள் துடுப்புக்கு வருகிற அதே நோய்தான்.

அவனுக்கு விளங்கப்படுத்தியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நாட்டில் பனி அள்ளுகிறவருக்கும் இது உதவும். ஆனால் முதலில் நினைப்பது இங்கே மீள்குடியேறி ஒரு மண்வெட்டி, ஒரு கோடாலி, ஒரு சோடித் துடுப்போடு வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியவர்களைத்தான். போர்க்காலத்தில் இயந்திரத்துக்கும் கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தடை இருந்தபோது எங்களுக்குச் சோறு போட்டது துடுப்பு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, பரணில் கிடந்த துடுப்புகள் மறுபடியும் கீழே இறங்கின. அதில் எத்தனை உருப்படியாக இருந்தன என்பதுதான் கேள்வி.

எங்கள் ஐயாவிடம் ஒரே மரத்தில் செய்த இரண்டு துடுப்புகள் இருந்தன. 2006 சித்திரையில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியதும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். ஒரு துடுப்பு முன்னரே திருத்த வேலைக்காக நகரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தது. மற்றது மால் சுவரில் சாய்த்தபடி நின்றது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் விடுவிக்கப்பட்ட காலத்தில்தான் நாங்கள் திரும்பக் காணியைப் பார்த்தோம். மால் இல்லை. மண்ணில் ஊன்றியிருந்த துடுப்பில் மிஞ்சியது ஒரு முழ நீளப் பிடி. மிச்சம் கறையானுக்குப் போய்விட்டது. சித்தப்பா வீட்டுக் குசினிக் கூரையில், அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட துடுப்பு கறுத்துப்போய் இருந்தது. ஆனால் தட்டினால் மணி மாதிரிச் சத்தம். அதை இன்றும் வலிக்கிறேன். மரம் ஒன்று, வயது ஒன்று. வைத்த இடம்தான் வேறு.

மரத்தைக் கெடுப்பது தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்வரை உக்கல் பூஞ்சணத்தால் அதில் வளர முடியாது. வெடிப்பு வருவதோ மரம் நனைந்து ஊதுவதும் காய்ந்து சுருங்குவதுமாக மாறி மாறி இழுபடுவதால். எங்களுக்குக் கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இழுபறி அதிகம்: காலையில் கடலில் நனைந்த துடுப்பு மத்தியானம் கொதி மணலில் கிடக்கும். ரொறன்ரோவில் ஈரப் பனியில் கிடந்த சவளைக் கொண்டுபோய் வீட்டுக்குள் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் நடப்பதும் இதுவே. அங்கே தெருவுக்கு உப்பும் போடுகிறார்கள். ஆணி துருப்பிடிக்க இங்கே கடல் செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது.

புதிதாகச் செய்கிறவர் மரம் தெரிவதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு. நாங்கள் சாவண்டலை என்கிறோம், சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் அதற்கு வைத்த வியாபாரப் பெயர் திருகோணமலை மரம். வளைந்து கொடுக்கும், சுலபத்தில் முறியாது. சென்னைக் கரையில் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்து, அலை தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்த மசூலாப் படகுகளுக்கு ஒரு காலம் இங்கிருந்து இந்த மரம் போனது. (ஊர்ப் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றும் உண்டு. 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய அந்தக் கப்பல் இங்கிலாந்தில் ஹாட்லிபூலில் இன்றும் மிதக்கிறது. பராமரித்தால் மரம் இருநூறு வருடம் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.) காட்டில் அனுமதியின்றி வெட்டினால் வழக்குத்தான். மரக்காலையில் கேட்டு, கழிவுத் துண்டாக என்றாலும் முறையாக வாங்குங்கள்.

துண்டை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது நார் ஓட்டம். மூதூரில் எனக்குத் தொழில் காட்டிய ஓடாவிக் காக்கா, "நார் ஒரு முனையில ஏறி மற்ற முனையில இறங்கோணும் தம்பி, நடுவுல வெளியால பாஞ்சா அங்கதான் முறியும்" என்பார். வாளால் அறுத்த மரத்தைவிட ஆப்பு வைத்துப் பிளந்த மரத்தில் நார் அறுபடாது. வைரம் பாய்ந்த பகுதியை எடுத்து, வெளிறு முழுவதையும் செதுக்கித் தள்ளுங்கள். பச்சை மரத்தில் ஒருபோதும் பிடி போடாதீர்கள். வெட்டிய துண்டின் இரு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ரோ பூசி, நிழலில், நிலம் படாமல், காற்றோட்டமாக அடுக்கி மாதக்கணக்கில் விடவேண்டும். முனை வழியாக ஈரம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும். அடைக்காவிட்டால் முனையிலிருந்தே வெடிப்பு ஓடும்.

அடுத்தது எண்ணெய். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது, பிசுபிசுத்து நிற்கும். கழிவு எஞ்சின் ஓயில் பூசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது கையிலும் கடலிலும் போய்ச் சேரும். கையால் பிடிக்கும் சாமானுக்கு வேண்டவே வேண்டாம். முந்தி தோணிக்குச் சுறா எண்ணெய் பூசினார்கள், நாற்றம் தாங்கினால் அது பரவாயில்லை. எனக்குப் பிடித்தது பெயின்ற் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய். அது காற்றோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறுகும். முதல் பூச்சுக்குக் கொஞ்சம் டேர்பன்டைன் கலந்து இளக்கி, முனைகள் குடிக்கும்வரை கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு பூச்சு. பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

வார்னிஷ் பளபளப்பாக இருக்கும். ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உக்கும். கைப்பிடிக்குக் கொப்புளமும் தரும்.

மண்வெட்டிப் பிடி ஆடத் தொடங்கினால் இரவு தண்ணீர் வாளிக்குள் போடுவது ஊர் முழுக்க உள்ள வைத்தியம். காலையில் இறுகித்தான் இருக்கும். ஆனால் ஊதிய மரம் இரும்பு வளையத்துக்குள் விரிய இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்துவிடும். நாலு தடவை செய்தால் புதுப் பிடிதான். காய்ந்த மர ஆப்பு ஒன்று அடித்து, தலைப்பில் எண்ணெய் விட்டால் முடிந்தது.

துடுப்பு அலகின் நுனி கல்லில் படாமல் தகரம் அடிக்கிறவர்கள் இரும்பாணியை விட்டுச் செப்பாணி பாவியுங்கள். இரும்பு துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்துத் தின்னும். தோணி விளிம்பில் உராயும் இடத்துக்குச் சைக்கிள் ரியூப் சுற்றுவது சுலபம், ஆனால் உள்ளே தண்ணீர் தேங்கும். நெருக்கமாகச் சுற்றிய கயிறு நல்லது, தேய்ந்தால் மாற்றலாம்.

வேலை முடிந்ததும் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், நிலம் படாமல், இரண்டு இடத்தில் தாங்கிப் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். சாய்த்து வைத்தால் காலப்போக்கில் வளையும், மண்ணில் ஊன்றினால் எங்கள் மாலில் நடந்ததுதான் நடக்கும்.

மருமகனுடைய சவளின் வெடிப்பு அலகின் பாதிக்கு மேல் போகவில்லை. வெடிப்பு முடியும் இடத்தில் சிறு துளை போட்டு, நீர் தாங்கும் பசை விட்டு, இரவு முழுக்க இறுக்கிக் கட்டச் சொன்னேன். பிறகு எண்ணெய், அது காய்ந்ததும் அலகில் மெழுகுதிரியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் ஈரப் பனி ஒட்டாமல் வழுக்கும். வைக்கும் இடம் சூடில்லாத கொட்டில். தை மாதம் இன்னொரு படம் அனுப்பினான். சவள் சுவரில் இரண்டு ஆணியில் படுத்திருந்தது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, எண்ணெய் மிச்சம் இருக்கு, பிடிக்கும் பூசவா?" பூசு என்றேன், துணியை விரித்துப் போடு என்றும் சொன்னேன்.