தமிழ் மின்னூல்கள் ஒருங்குறிக்கு மாறிய வரலாறு

தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் உருவான பக்கங்கள், பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றப்பட்டன. இம்மாற்றத்துக்கு மதுரைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

1998 பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வெளியிட்டனர். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை இருந்தது. உரிய எழுத்துரு நிறுவப்படாத கணினியில் நூலைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. சேலத்திலோ நாமக்கல்லிலோ ஓர் இணைய மையத்தில் அமரும் மாணவருக்கும் இதே நிலைதான். இதைக் குறைக்க, திஸ்கி என்னும் பொதுக் குறிமுறையைத் திட்டம் ஏற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை அறிவித்தது.

மாற்றமும் சிக்கல்களும்

ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகே அது பரவலான பயன்பாட்டுக்கு ஏற்றதாயிற்று. மதுரைத் திட்டமும் பின்னர் தன் நூல்களை ஒருங்குறியில் வெளியிடலாயிற்று.

கோப்புகளை வேறு வழங்கியில் ஏற்றினால் மட்டும் போதாது. வழங்கி 'யு.டி.எப்-8' என்று அறிவிக்க, கோப்பு திஸ்கியில் இருந்தால் உலாவி எழுத்துகளைச் சிதைத்துக் காட்டும். எழுத்து வரிசையும் வேறு. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் முறைப்படி கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் பதிவாகும். ஒருங்குறியில் ககரமே முதலில் வரும்.

ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே வடிவில் இருப்பது மற்றொரு சிக்கல். 'மௌனம்' என்பதைச் சிலர் 'மெளனம்' என்று தட்டச்சிட்டனர். அதைத் திருத்த 'ெள' வரும் இடங்களையெல்லாம் மென்பொருள் ஔகாரமாக்கினால், சேலத்து 'வெள்ளிக் கொலுசு', 'வௌ்ளிக் கொலுசு' ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. தேடுபொறியில் 'வெள்ளி' என்று தேடுபவருக்கு அப்பக்கம் கிடைக்காமல் போகலாம். எனவே மனிதரின் மெய்ப்புத் திருத்தம் தவிர்க்க முடியாததாயிற்று.

அரசாணை

2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியையும் அதற்கு மாற்றாக டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது.

விளைவு

இன்று தனி எழுத்துரு இல்லாமலேயே கைபேசியிலும் பழந்தமிழ் நூல்களைப் படிக்கவும் சொல் தேடவும் முடிகிறது. மாற்றப்படாமல் விடப்பட்ட பக்கங்கள் வழங்கியில் இருந்தாலும், பழைய எழுத்துரு இல்லாதவருக்கு அவை படிக்க இயலாதவையே.