மேலிடத்துக்குப் போன கடிதம்

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது 'அவலான்ஷ்' எங்களுக்கு வெறும் சொல்வதெழுதுதல் வார்த்தை. பனிச்சரிவு என்றால் என்னவென்று வெகுகாலம் கழித்தே புரிந்தது.

பனிக்காலத் தொடக்கத்தில் ஆபத்து குறைவு என்று நினைப்போம். அப்படியல்ல. முதலில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் கனத்த பனி விழுந்தால் பிடிமானம் இராது.

முதல் உலகப்போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் ஆல்ப்ஸ் மலைமீதே எதிரெதிராக நின்றார்கள். மார்மொலாடா மலையில் ஆஸ்திரியப் படைக்குடில்கள் எதிரியின் குண்டுக்குத் தப்பிய இடத்தில்தான் இருந்தன. ஆனால் தலைக்கு நேர்மேலே பனி. 1916 டிசம்பரில் பனி கொட்டித் தீர்த்தது. கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், முகாமை மாற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். மறுத்துவிட்டார்கள். பிறகு திடீரென்று வெப்பம் ஏறியது. டிசம்பர் 13 விடியற்காலை, வீரர்கள் உறங்கிக்கொண்டிருந்த குடில்கள்மேல் மலைப்பனி சரிந்தது. சுமார் 270 பேர் மாண்டார்கள்.

நண்பர்களே, 'கோரிக்கை ஏற்பதற்கில்லை' என்று சர்க்கார் உத்தியோகத்தில் நானும் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். கையெழுத்து வேறொருவருடையது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தத் தாள்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.