கோப்பி போய்த் தேயிலை வந்தது

பதுளை மலைகளில் எங்கள் முன்னோர் முதலில் பறித்தது கொழுந்தல்ல, கோப்பிப் பழம். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பதுளைக்கே வந்தது.

கோப்பி பருவப் பயிர். பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலையில் ஏழெட்டு நாளுக்கொரு தடவை அதே செடியிடம் போயாக வேண்டும். குடும்பங்கள் லயங்களிலேயே தங்கியது அதனால்தான்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவன் நான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். கொழுந்தை வாடப் போட்ட மாடியில் ஏறினாலே ஊவா வாசம் மூக்கைத் துளைக்கும். ஏலத்தில் நல்ல விலை அந்தத் தேயிலைக்குத்தான். ஆனால் அப்போது செடி துளிர்ப்பது குறைவு, கூடை நிரம்பாது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதி நாள் கூலிதான்!

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் வந்தது. உற்பத்தித்திறன் பற்றிப் பேசுகிறவர்கள், எடையோடு தரத்துக்கும் கூலி போடும் கணக்கை முதலில் எழுதட்டும்.