வளவனூர் வழியா கேரவனில் பாண்டிச்சேரி டூர்: ப்ரூவரிக்குப் போகலாம், பீர் பாட்டிலோட திரும்பலாமா? முழு விவரம்

திருச்சி, சேலம் பக்கமிருந்து குடும்பத்தோடு புதுச்சேரி கிளம்புறவங்களுக்குப் பழக்கமான ரோடு, விழுப்புரம் – வளவனூர் – புதுச்சேரி. மொத்தமே சுமார் 40 கி.மீ.தான். இதே ரோட்டில் படுக்கை, சமையல் மேடை, கழிவறையோடு கூடிய கேரவனை வாடகைக்கு எடுத்துட்டுப் போய், புதுச்சேரியில் பீர் தயாரிக்கும் மைக்ரோ ப்ரூவரி ஒன்றையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் சிக்கல் வருவது பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான். அது ஏன்?

கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி தானே?

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். சுற்றுலா கேரவனும் ஏறக்குறைய அதே மாதிரிதான். வேன் அல்லது சிறிய பஸ்ஸுக்குள் ஒரு வீடு. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்ற பெயரில் இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது.

சொந்த வேனை கேரவனாக மாற்றலாமா?

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004-ம் ஆண்டு அறிவிக்கையில் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற பிரிவில் வருகிறது. ஆனால் பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டிலைப் போட்டு ஓட்டிவிட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

வாடகைக்கு எடுப்பவர்கள் என்ன பார்க்கணும்?

- நம்பர் பிளேட்: டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டில் கருப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்கு கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது விதிமீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம்.
- பெர்மிட்: புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.
- லைசென்ஸ்: வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். வாடகை வண்டிக்கும் இது பொருந்தும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

வளவனூரைத் தாண்டினால் எத்தனை எல்லை?

இந்த ரோட்டின் விசேஷமே இதுதான். வளவனூர் விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டி வரும் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு. அரியூர், வில்லியனூர் வந்தால் திரும்பவும் புதுச்சேரி. அரை மணி நேரப் பயணத்தில் மூன்று முறை எல்லை மாறுகிறது. எல்லை மாறும்போது மது தொடர்பான சட்டமும் சேர்ந்தே மாறுகிறது.

குழந்தைகளோடு போகிறவர்கள் வழியில் பார்க்கவும் இடங்கள் உண்டு. மதகடிப்பட்டில் ராஜராஜ சோழன் காலத்து குண்டாங்குழி மகாதேவர் கோயில், வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயிலும் லூர்து மாதா திருத்தலமும், பக்கத்தில் இரு பகுதிகளிலும் பரவிக் கிடக்கும் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம்.

மைக்ரோ ப்ரூவரியில் என்ன நடக்கும்?

பெரிய பீர் தொழிற்சாலை போல் இல்லாமல், சிறிய அளவில் அங்கேயே தயாரித்து அங்கேயே பரிமாறும் இடம் இது. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைப்பார்கள். அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வடிகட்டிய சாற்றை ஹாப்ஸ் என்ற பூவோடு கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் சேரும். ஆறியதும் ஈஸ்ட் கலந்து தொட்டியில் விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். 'ஏல்' வகைக்கு ஓரிரு வாரம், 'லாகர்' வகைக்கு அதைவிட அதிக நாள் ஆகும்.

தமிழ்நாட்டில் மதுவை சில்லறையில் விற்பது 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதனால்தான் ப்ரூவரி பார்க்க நினைப்பவர்கள் புதுச்சேரிக்கோ பெங்களூருவுக்கோ போகிறார்கள். மது அருந்தும் குறைந்தபட்ச வயது தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. குழந்தைகளை உள்ளே விடுவார்களா என்பதைப் போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நாலு பாட்டில் வாங்கிட்டு வந்தா என்ன?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் மது விலையும் குறைவு. ஆனால் அங்கே வாங்கியதை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது, 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். "கடையில் காசு கொடுத்து வாங்கினேன், பில் இருக்கு" என்பது அனுமதி ஆகாது. வழக்குப் பதிவாவதோடு, மது கொண்டு வந்த வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. அது வாடகை கேரவன் என்றால், குடும்பம் நடுவழியில் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

சோதனை இவ்வளவு கடுமையாக இருக்க காரணம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன்பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது.

வண்டிதான் வீடு, உள்ளே உட்கார்ந்து குடிக்கலாமா?

கேரவனுக்குள் கட்டில் இருந்தாலும் ரோட்டில் ஓடும்போது அது வாகனம்தான். ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை ரூ.10,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு 330 மில்லி பீரை உடல் வெளியேற்றவே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி நாலைந்து குடித்தவர், காலையில் காபி குடித்துவிட்டு ஸ்டீயரிங் பிடித்தாலும் ஊதினால் மாட்டுவார். யார் ஓட்டப் போகிறார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அவருக்கு அன்றைக்கு எலுமிச்சை ஜூஸ்தான்.

ராத்திரி தூங்கும்போது கவனிக்க வேண்டியது

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

- ஏசிக்காக ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டுத் தூங்க வேண்டாம்.
- கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று கேட்டு வண்டி எடுங்கள்.
- வண்டி ஓடும்போது காஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். யாரும் கட்டிலில் படுக்க வேண்டாம், சீட்டில் பெல்ட் போட்டு உட்காரணும்.
- நாலுவழிச் சாலை ஓரத்தில் நிறுத்தித் தூங்காதீர்கள். பார்க்கிங் வசதியுள்ள விடுதியில் அனுமதி வாங்கி, அவர்களின் மின் இணைப்பைப் பயன்படுத்துங்கள்.
- கழிவுநீரை ஏரிக்கரையில் திறந்துவிட வேண்டாம்.

சுருக்கமாக

வண்டிக்கு பேப்பர் சரியாக இருக்கணும். ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. புதுச்சேரியில் குடித்தது புதுச்சேரியோடு முடியணும். கிளம்பும் முன் கேரவனின் குளிர்பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மிச்சம் வைத்த ஒரு பாட்டில் உள்ளே இருந்தால்கூட, கண்டமங்கலத்திலோ வளவனூரிலோ அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.